மேலே இருக்கிறவன் என்ன சாப்பிட்டான்?

பிரேக் பற்றியும் வயர் ரோப் பற்றியும் உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் சான்றிதழும் இருக்கிறது. நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பி ஆலையில், ஷெட்டுக்குள் கூரையை ஒட்டி ஓடுகிற கிரேனில் உட்கார்ந்தே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவன். புதிதாகக் கேபினுக்கு ஏறப்போகும் உங்களுக்கு நான் சொல்லப்போவது என் வயிற்றைப் பற்றி. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். எனக்கு அது பழக்கம்தான்.

அப்போது என் எடை நூற்று முப்பத்தெட்டு கிலோ. கேபினுக்குப் போகும் ஏணியைச் சுற்றி, ஆள் பின்பக்கம் விழாமலிருக்க இரும்பு வளையங்கள் இருக்குமில்லையா, அவற்றில் என் முதுகு உரசி உரசி அந்த இடங்களில் மட்டும் பெயிண்ட் போய்ப் பளபளவென்று ஆகிவிட்டது. உச்சிக்குப் போவதற்குள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குவேன். அதனால் ஒருமுறை ஏறினால் ஷிப்டு முடிந்துதான் இறங்குவது. மதியச் சாப்பாடு கயிற்றில் கட்டிய வாளியில் மேலே வரும். கட்டி அனுப்புகிறவன் முனிரத்தினம். அவன்தான் என் சிக்னல்மேன். கீழே லோடுக்குப் பக்கத்தில் நின்று விசிலும் கையுமாக எனக்கு வழி காட்டுகிறவன். மூன்றடுக்குக் கேரியரை ஆறே நிமிடத்தில் காலி செய்து இறக்கினால், "இன்னா செல்வராஜு, டப்பாவையாவது வுட்டு வெச்சியா?" என்று கத்துவான்.

ஒருநாள் கொக்கியில் லோடு இல்லாத நேரத்தில் உட்கார்ந்தபடியே கண் சொக்கிவிட்டது. முனிரத்தினம் ஒரு நட்டை எடுத்துக் கேபின் தகரத்தில் எறிந்துதான் எழுப்பினான். வீட்டுக்குப் போயும் அதே நினைப்பு. லோடு இருந்திருந்தால்? அடியில் ஆள் நின்றிருந்தால்? நான் எப்போதும் இப்படித்தான். பூட்டிய வீட்டுக்குத் திரும்பி வந்து நான்கு தடவை பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். சென்னைக்கு ரயிலேறிப் போய் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினேன். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, சர்க்கரை இருக்கிறது, ரத்த அழுத்தம் இருக்கிறது, எடை குறையாவிட்டால் கஷ்டம் என்றார்கள். பட்டினி கிடந்து பார்த்தேன், நடந்து பார்த்தேன், கொள்ளுத் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். கடைசியில் துபாயிலிருந்த மைத்துனர் செலவை ஏற்றுக்கொள்ள, ஆபரேஷன் ஆனது. இரைப்பையின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு, கோழிமுட்டை அளவுக்கு ஒரு பை செய்து, அதை நேராகக் குடலோடு சேர்த்துவிட்டார்கள். இது நடந்தது 2007இல். அப்படி ஒரு ஆபரேஷன் இருப்பதே எங்கள் பக்கம் யாருக்கும் தெரியாது.

நானும் தெரியவிடவில்லை. ஹெர்னியா என்று சொல்லித்தான் லீவு எழுதினேன். முதல் காரணம் வெட்கம். கம்மியாகத் தின்னத் தெரியாமல் வயிற்றை அறுத்துக்கொண்டான் என்று ஷெட்டே சிரிக்கும். அடுத்தது பயம். கிரேன் ஓட்டுகிறவனுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வார்த்தை ஆபீசுக்குப் போனால் போதும், கீழே இறக்கி யார்டில் கம்பிக் கட்டுக்கு எடைச் சீட்டு கட்ட விட்டுவிடுவார்கள். என் படிப்புக்கு அந்தக் கேபின் நாற்காலியை விட்டால் வேறு என்ன மரியாதை?

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள் முழுக்க ஆங்கிலம். மகள் தமிழில் எழுதிக் கொடுத்தாள். ஒரு வாய்க்கு இருபது தடவை மெல்ல வேண்டும். அரை மணி நேரம் எடுத்துச் சாப்பிட வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. முடித்து அரை மணி கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். இனிப்பைத் தொடக் கூடாது. தொட்டால் பத்து இருபது நிமிடத்தில் நெஞ்சு படபடக்கும், வேர்த்துக் கொட்டும், மயக்கம் வரும்.

படிக்கும்போது ஒன்றும் தெரியாது. செய்து பாருங்கள். ஆறு நிமிடத்துச் சாப்பாட்டுக்காரன் ஒரு இட்லியோடு அரை மணி நேரம் என்ன பேசுவது? என் மனைவி கோமளா எதிரில் உட்கார்ந்து என் தாடையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை.

"பதினாலுதான் ஆச்சு. அதுக்குள்ள இன்னா முழுங்கறது? ரயிலு புடிக்கணுமா?"

"எண்ணிக்கினா இருக்கே?"

"பின்னே? வாயப் பாத்தா மனசு ஆறுதுன்னா பாக்கறேன்?"

வயிறு சின்னதாகிவிட்டது, கைக்கு அது தெரியாது. கேபினில் உட்கார்ந்ததும் கை தானாக நாற்காலிக்கு அடியில் காராசேவு பொட்டலத்தைத் தேடும். அங்கே ஒன்றும் இருக்காது. எட்டு மணி நேரத்தில் இருபது தடவை தேடும். எனக்கு என் கை மேலேயே எரிச்சல் வரும்.

இதில் ஊர் தொல்லை வேறு. ஆபரேஷனுக்கு முன்னால் குண்டு என்று கூப்பிட்டவர்கள் எல்லோரும் இப்போது என்னைப் பார்த்துக் கண் கலங்கினார்கள். சட்டை தொளதொளவென்று தொங்க டீக்கடையில் போய் நின்றால், கடைக்காரர் குரலைத் தாழ்த்துவார்.

"இன்னாபா, பாதி ஆளக் காணோம்? சக்கரையா?"

"அதெல்லாம் இல்ல."

"டிபியா? சொல்லு நைனா, தனி கிளாஸ்ல குடுக்கறேன். தப்பா நெனைக்க மாட்டேன்."

சங்கத்துக்காரர் ஒருவர் என்னை சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். "ஊட்ல தெரியுமா?" என்றார்.

"இன்னாது?"

"அதான்பா, அந்த சமாச்சாரம். இப்போ மருந்து கீதாம். கவர்மெண்டுல சும்மாவே குடுக்கறாங்களாம். சீக்கிரம் போ."

அவர் சொல்வது எய்ட்ஸை என்று புரிந்தபோது எனக்குக் காது சூடாகிவிட்டது. உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பார்கள், அதோடு போயிருக்கும். பொய் சொன்னதால் எனக்கு ஊரிலுள்ள எல்லா நோயும் வந்துவிட்டது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

கேபினில் சாப்பாடு இன்னொரு தலைவலி. வாளி மேலே வரும், இட்லியைப் பிட்டு வாயில் போடுவேன், ஏழாவது தடவை மெல்லும்போது கீழே விசில். ஒருநாள் மெல்லாமல் விழுங்கிவிட்டு லீவரைப் பிடித்தேன். அந்தத் துண்டு நெஞ்சுக் குழியில் கல்லாக நின்றது. வாயில் நுரை நுரையாக எச்சில் ஊற, ஒரு கையால் நெஞ்சை நீவிக்கொண்டு மறுகையால் லோடை இறக்கினேன். கீழே முனிரத்தினம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அவனைப் பொறுத்தவரை எல்லாம் சரியாக நடந்துகொண்டிருந்தது.

இனிப்பையும் சோதித்துப் பார்த்திருந்தேன். பஸ் ஸ்டாண்டில் வெயில் தாங்காமல் ஒரு டம்ளர் கரும்புச்சாறு குடித்தேன். கால் மணி நேரத்தில் கண் இருட்டி, சட்டை நனைந்து, பெஞ்சில் படுத்துவிட்டேன். அரை மணி கழித்துத்தான் எழுந்து நடக்க முடிந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இனிமேல் சொல்லப்போவது எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று யாரும் பரிதாபப்பட வேண்டாம். தெரிந்தேதான் செய்தேன்.

எங்கள் ஆலையில் ஒரு வழக்கம். ஆயுத பூஜை அன்று கொக்கிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, ஒரே ஒரு கம்பிக் கட்டைத் தூக்கி ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கொண்டு போவோம். அதற்குச் சாமி லோடு என்று பெயர். தூக்குவதற்கு முன்னால், படைத்த சர்க்கரைப் பொங்கலில் முதல் பங்கு வாளியில் கேபினுக்குப் போகும். மேலே இருக்கிறவன் சாப்பிட்டுவிட்டுக் காலி இலையை வாளியில் போட்டு இறக்குவான். சிக்னல்மேன் அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டுவான். அதற்குப் பிறகு முதலாளி தேங்காய் உடைப்பார். அப்புறம்தான் லோடு எழும்பும். அன்றைக்கு எல்லோருடைய குடும்பமும் ஷெட்டுக்குள் இருக்கும். லோடுக்கு அடியில் ஆள் நிற்கக் கூடாது என்ற விதி அந்த ஒரு நாள் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

வாளி மேலே வந்தது. நெய் வாசம் கேபின் முழுக்க அடித்தது. நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். காகிதத்தில் சுருட்டி ஒளித்து வைக்கலாமா? சாமிக்குப் படைத்ததை ஒளித்துவிட்டு லோடு தூக்கி, ஏதாவது ஆகிவிட்டால்? வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால்? ஏன் என்று இருநூறு பேர் அண்ணாந்து பார்ப்பார்கள். அப்போது எனக்கு ஒரு புத்திசாலித்தனம் தோன்றியது. மயக்கம் வர எப்படியும் கால் மணி ஆகும். சாமி லோடு ஐந்து நிமிட வேலை. சாப்பிட்டு, தூக்கி, வைத்து, இறங்கிப் போய்ப் படுத்துவிடலாம்.

கவலைப்படுவதில் என்னை யாரும் ஜெயிக்க முடியாது. ஆனால் எந்தக் கவலையை முதலில் பட வேண்டும் என்று அன்றைக்குத் தெரியாமல் போனது. இலையை வழித்துச் சாப்பிட்டேன். வாளியை இறக்கினேன். முனிரத்தினம் காலி இலையைத் தூக்கிக் காட்டினான், எல்லோரும் கை தட்டினார்கள். வாளியைத் திரும்ப மேலே இழுத்து வைத்துக்கொண்டேன். ஆனால் தேங்காய் உடையவில்லை. முதலாளி வரவில்லை. அவர் கார் கவரைப்பேட்டை ரயில்வே கேட்டில் நிற்கிறதாம், இதோ வந்துவிடுவாராம்.

அந்த "இதோ" பன்னிரண்டு நிமிடம் நீண்டது. அதில் எந்த நிமிடத்திலும் நான் ஏணியில் இறங்கியிருக்கலாம். வயிறு சரியில்லை என்று ஒரு வார்த்தை போதும். கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். முதலாளி வந்தார், தேங்காய் உடைந்தது, முனிரத்தினம் விசிலடித்துக் கையை மேலே காட்டினான். தூக்கினேன்.

ஷெட்டில் பாதி தூரம் போனபோது ஆரம்பித்தது. முதலில் காதுக்குப் பின்னால் வேர்வை. பிறகு நெஞ்சு குதிரை ஓடுவது போல அடித்தது. லீவரைப் பிடித்திருந்த விரல்கள் யாருடையவோ போலிருந்தன. கீழே பார்த்தேன். மாலையிலிருந்து சாமந்திப் பூ உதிர்ந்துகொண்டிருந்தது. ஏழெட்டுக் குழந்தைகள் அதைப் பொறுக்கிக்கொண்டே லோடுக்கு நேர் அடியில் ஓடிவந்தார்கள். தலைக்கு மேலே இரண்டு டன் கம்பி.

எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? சீக்கிரம் முடித்துவிடு என்றுதான். இன்னும் பாதி ஷெட், ஓட்டிவிடலாம் என்று லீவரைத் தள்ளினேன். கை நடுக்கத்தில் கிரேன் வெட்டி இழுத்தது. கட்டு ஆட ஆரம்பித்தது. ஹாரனை அழுத்தினேன், விடாமல் அழுத்தினேன். ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஹாரனும் கொண்டாட்டம்தான் என்று நினைத்துக் கீழே மறுபடியும் கை தட்டினார்கள்.

அந்தக் கைதட்டலில்தான் எனக்குப் புத்தி வந்தது. உனக்கு உன் கை மேல் நம்பிக்கை போய்விட்டதா, கையை எடு. இதை மட்டும் நான் சொன்னதாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவசரமாக இறக்கவும் பார்க்காதே, ஓட்டி முடிக்கவும் பார்க்காதே. மெயின் சுவிட்சை அணைத்தேன். கரண்டு போனால் பிரேக் தானாகப் பிடிக்கும்; எல்லாம் அப்படியே நின்றது. கட்டு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. காலி வாளியை எடுத்து, ஆளில்லாத பக்கம் பார்த்து, சுவரோரம் விட்டெறிந்தேன். தரையில் அது விழுந்த சத்தத்தில் முனிரத்தினம் திரும்பினான். மேலே பார்த்தான். கேபின் விளக்கு அணைந்திருந்தது. அடுத்த விநாடி விசிலைக் கிழிய ஊதிக்கொண்டு குழந்தைகளை நோக்கி ஓடினான். கைக்குக் கிடைத்த பிள்ளைகளையெல்லாம் இழுத்து வெளியே தள்ளினான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இப்போது எழுதும்போதும் இந்த வரியை நான் இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொள்கிறேன்.

நான் கேபின் தரையில் சரிந்து கிடந்தேன். முனிரத்தினம் ஏறி வந்தான்.

"இன்னாபா ஆச்சு? நெஞ்சு வலியா?"

"பொங்கலு."

"இன்னாது?"

"எனக்கு இனிப்பு ஆவாதுபா. துன்னா இப்டித்தான் ஆவும். அது ஹெர்னியா இல்ல. வயித்த அறுத்து சின்னதாக்கிக்கினேன். ஒடம்பு எளைக்க."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான்.

"ஆவாதுன்னு தெரிஞ்சே துன்னியா? மூணு மாசமா உன் கொக்கிக்குக் கீழ நின்னுக்கினு கீறேன்யா நானு. அவனவன் டிபின்றான், இன்னான்னாவோ சொல்றான். ஹெர்னியாதான்டான்னு உனக்காகச் சண்ட போட்டேன். எனக்குக் கூடவா சொல்லக் கூடாது?"

அவன் இறங்கிப் போனான்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் ஃபோர்மேன் ஏணியில் பாதி ஏறி வந்து தலையை நீட்டினார். நல்ல மனிதர். என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்தவரே அவர்தான்.

"முனிரத்தினம் சொன்னான். வேற யாருக்கும் தெரியாது. கேபின்ல அனலு, மயக்கம் வந்துச்சுன்னு சொல்லிட்டேன். இன்னும் அரை மணில ராவுகாலம். இப்போ தேவலயா?"

"தேவல சார்."

"அப்போ அத எறக்கி வெச்சிட்டு வந்துடு. இந்தக் கதைய முதலாளிகிட்ட ஆரம்பிச்சியோ, நாளைக்கு உன்ன மேல ஏற வுட மாட்டாங்க. என்னாலயும் ஒன்னும் பண்ண முடியாது. பாத்துக்கோ."

உண்மையாகவே தேவலையாகத்தான் இருந்தது. வேர்வை அடங்கிவிட்டது. மெயினைப் போட்டு, இரண்டு நிமிடத்தில் இறக்கி வைத்துவிடலாம் போலத்தான் இருந்தது. கையை நீட்டிப் பார்த்தேன். சுண்டுவிரல் மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தேன். கூட்டத்தையெல்லாம் ஒதுக்கிவிட்டு முனிரத்தினம் மட்டும் லோடுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். விசிலை வாயில் வைத்திருந்தான். என் மேல் அவ்வளவு கோபம் இருந்தும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. நான் மெயினைப் போட்டால் அவன் கையைக் காட்டுவான். என் சுண்டுவிரல் ஆடுவது கீழிருந்து அவனுக்குத் தெரியாது.

"என்னால முடியாது சார். வேற ஆள வரச் சொல்லுங்க" என்றேன்.

கீழே இறங்கி, பட்டு வேட்டியோடு நின்ற முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. "பொங்கல் சாப்ட்டதுக்கா?" என்று மூன்று தடவை கேட்டார். விளங்கிய பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு ஆபீசுக்குள் போய்விட்டார். அது இன்னும் மோசம். இன்னொரு ஆபரேட்டர் லீவில் இருந்தார்; கவரைப்பேட்டையிலிருந்து புதுச் சட்டையோடு பைக்கில் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை இருநூறு பேர் தொங்குகிற சாமி லோடையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லோடு சரியாக ராகுகாலத்தில் தரையைத் தொட்டது. அந்த வருடம் கம்பி உருட்டுகிற ரோலிங் மோட்டார் எரிந்ததற்கும், ஃபோர்மேன் மகளுக்கு வரன் தள்ளிப்போனதற்கும் நான்தான் காரணம் என்று பேசிக்கொண்டார்கள்.

மறுநாளே யார்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏழு மாதம் வெயிலில் உட்கார்ந்து கம்பிக் கட்டுகளுக்குச் சீட்டு கட்டினேன். பொங்கல் டிரைவர் என்று பெயர் வைத்தார்கள். ஒரு வாரம்தான் சிரிப்பார்கள் என்று நான் முதலில் நினைத்தது தப்புக் கணக்கு. ஏழு மாதமும் சிரித்தார்கள். ஆனால் டீக்கடைக்காரர் பொது கிளாசில் டீ கொடுக்க ஆரம்பித்தார், சர்க்கரை போடாமல். முனிரத்தினம் மட்டும் என்னோடு பேசவில்லை. யார்டு வழியாகப் போவான்; தலையைத் திருப்பிக்கொண்டு போவான்.

ஆஸ்பத்திரி டாக்டரும் ஆலை டாக்டரும் பார்த்து, எதைச் சாப்பிட்டால் என்ன ஆகும், எதைச் சாப்பிடாவிட்டால் ஒன்றும் ஆகாது என்று எழுதிக் கொடுத்த பிறகு என்னை மறுபடி கேபினுக்கு அனுப்பினார்கள், ஒரு நிபந்தனையோடு. கேபினில் சாப்பாடு கிடையாது. சாப்பாட்டு நேரத்தில் கிரேனை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, அரை மணி உட்கார்ந்து தின்றுவிட்டுத்தான் ஏற வேண்டும். உற்பத்தி போகிறது என்று மேனேஜர் மாதக்கணக்கில் புலம்பினார்.

முதல் நாள் காலை ஏணிக்குப் போனேன். வளையங்களுக்கும் என் முதுகுக்கும் நடுவில் இப்போது தாராளமாக இடம் இருந்தது. முதல் படியில் கால் வைத்தேன். முனிரத்தினம் குறுக்கே வந்து நின்றான். ஏழு மாதத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இது.

"இன்னா துன்னே?"

"ரெண்டு இட்லி."

"எப்போ?"

"ஏழு மணிக்கு."

"தண்ணி?"

"ஏழே முக்காலுக்கு."

"இனிப்பு?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"யோவ், இல்லய்யா."

"காதுல உழல. சத்தமா சொல்லு."

"இல்ல! இல்ல! இல்ல!"

அவன் ஏணியை விட்டு விலகி, லோடுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு விசிலை வாயில் வைத்தான்.